ஓடுகிற கம்ப்யூட்டரை எதற்கு மாற்ற வேண்டும்?

கேள்வி: கரூர் பக்கத்தில் எங்களுக்கு எலக்ட்ரிக்கல், ஹார்டுவேர் மொத்த வியாபாரம். வருடத்துக்கு 6 கோடி ரூபாய் அளவுக்கு விற்பனை. 2009-ல் உள்ளூர்க்காரர் ஒருவர் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய கணினி மொழியில் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம், அதே வருடம் வாங்கிய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இன்றைக்கும் இவற்றில்தான் பில் போடுகிறோம். மாற்றலாம் என்றால் அப்பா, "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு வீண் செலவு" என்கிறார். உண்மையிலேயே இதில் நஷ்டம் இருக்கிறதா? இருந்தால் அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

நஷ்டம் இருக்கிறது. அப்பா சொல்வதும் பொய் இல்லை. அவர் பார்க்கிற இடத்தில் அந்த நஷ்டம் தெரியாது, அவ்வளவுதான்.

22 வருடமாகக் கொங்குப் பகுதிக் கடைகளுக்கும் சிறு ஆலைகளுக்கும் கம்ப்யூட்டர், கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்துப் பழுதும் பார்த்து வருகிறேன். உங்கள் அப்பா சொன்ன வாக்கியத்தை எத்தனையோ கல்லாக்களுக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறேன். லெட்ஜரில் கம்ப்யூட்டர் செலவு என்று தேடினால் ரிப்பன் வாங்கியது, சர்வீஸ்காரருக்குக் கொடுத்தது என்று சில ஆயிரம் ரூபாய்தான் இருக்கும். பழைய சாமானின் பெரிய செலவு அதன் சொந்தப் பெயரில் ஏறுவதில்லை. சம்பளக் கணக்கில் கொஞ்சம், வங்கி வட்டியில் கொஞ்சம், விற்ற சரக்கின் மார்ஜினில் கொஞ்சம் என்று வேறு வேறு பெயர்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் பெயர் பெயராகத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

முதலில் சம்பளம். உங்கள் விற்பனை 5 கோடியைத் தாண்டிவிட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் வியாபாரிகளுக்குப் போடும் ஒவ்வொரு பில்லுக்கும் இ-இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டும். அரசுத் தளத்தில் பதிந்து, அது தரும் எண்ணும் கியூஆர் கோடும் பில்லில் வர வேண்டும். உங்கள் எக்ஸ்பி கம்ப்யூட்டரை நம்பி அந்தத் தளத்தில் வேலை பார்க்க முடியாது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைக் கைவிட்டது 2014 ஏப்ரல் 8-ல். ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1-ல். செய்தவர்களே கைகழுவி மூன்று வருடம் ஆன பிறகு பிறந்த ஒரு சட்டத்துக்கு அந்தப் பெட்டியில் கணக்குப் பார்க்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கடையில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். பழைய கம்ப்யூட்டரில் பில் போடுகிறார்கள். அந்தப் பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்கவுண்டண்ட் ஒரு லேப்டாப்பில் அதையே மறுபடி தட்டுகிறார். கியூஆர் கோடு வந்த தாளை எடுத்துப் பழைய பில்லோடு ஸ்டேப்ளர் அடித்துக் கொடுக்கிறார்.

ஒரு நாளைக்கு இப்படி 40 பில், ஒன்றுக்கு 3 நிமிடம் என்று வையுங்கள். தினமும் 2 மணி நேரம். மாதம் 26 நாள், 12 மாதம் என்றால் 624 மணி நேரம். எட்டு மணி நேர வேலையில் ஒரு மாதம் என்பது 208 மணி. ஆக, வருடத்தில் சரியாக மூன்று மாதம் ஒரு ஆள் ஏற்கெனவே தட்டியதைத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கிறார். சம்பளம் 18,000 என்றால் 54,000 ரூபாய். இந்தத் தொகை எந்த இடத்திலும் கம்ப்யூட்டர் செலவு என்று எழுதப்படாது.

திரும்பத் தட்டும்போது தப்பும் வரும். 1278-ஆம் நம்பர் பில் 1287 ஆகிவிடும். ஒரே பெயரில் இரண்டு ஊரில் இரண்டு பார்ட்டி இருந்தால் ஒருவர் பில் இன்னொருவர் ஜிஎஸ்டி எண்ணில் ஏறிவிடும். வாங்கியவருக்கு ஜிஎஸ்டி தளம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலில் உங்கள் பில் சரியாக வந்தால்தான், அவர் கட்டிய வரிக்கு வரவு கிடைக்கும். இது 2022 ஜனவரி முதல் சட்டத்திலேயே இருக்கிறது. அவருடைய ஆடிட்டர் 'இந்தப் பில் வரவில்லை' என்று சொன்ன நிமிடமே உங்களுக்கு வர வேண்டிய பணம் நின்றுவிடும். வரித்தொகையை மட்டும் நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு, மொத்தப் பில்லையும் நிறுத்துபவர்களும் உண்டு. திருத்தம் அடுத்த மாத ரிட்டர்னில் போய், அவருக்குத் தெரிந்து, பிறகு பணம் வர வேண்டும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் பார்த்த கடைகளில் நல்ல பார்ட்டிகள் விலகிப் போனதற்கு விலையை விட இந்தத் தொந்தரவு பெரிய காரணமாக இருந்திருக்கிறது.

அடுத்தது ரேட். ஒயர் விலை தாமிரத்தோடு ஏறும், இறங்கும். கம்பெனி புது விலைப்பட்டியலை வாட்ஸ்அப்பில் ஒரே பிடிஎஃப்பாக அனுப்பிவிடும். உங்கள் புரோகிராமில் ஒயர் ஐட்டம் மட்டும் 300 இருந்தால், ஒவ்வொன்றாகத் திறந்து விலையை மாற்ற வேண்டும். யார் செய்வது? கூட்டம் குறைந்த பிறகு, சாயந்திரம், அதே அக்கவுண்டண்ட். மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் பழைய ரேட்டில் பில் போகும். ஒரு நாளைக்கு ஒயர் விற்பனை 60,000, விலை ஏறியது 4 சதவீதம் என்றால் மூன்று நாளில் 7,200 ரூபாய். வருடத்தில் ஆறு முறை இப்படி ஏறினால் 43,200.

இதற்கு அப்பா ஒரு பதில் வைத்திருப்பார்: 'பழைய விலைக்கு வாங்கின சரக்கைத்தானே வித்தோம், நஷ்டம் எங்கே?' நியாயமான கேள்விதான், அதனால் நின்று பதில் சொல்ல வேண்டும். அந்தச் சரக்கு போன இடத்தில் திரும்பச் சரக்கு வைக்கப் புது விலைதானே கொடுக்க வேண்டும்? 100 சுருள் விற்ற பணத்தில் 96 சுருள்தான் திரும்ப வரும். மொத்த வியாபாரத்தில் நிற்கிற மார்ஜினே ஐந்தோ ஆறோ சதவீதம். அதில் நாலு போனால் அந்த மூன்று நாளும் கடை கிட்டத்தட்டச் சும்மா திறந்திருந்தது என்று அர்த்தம். விலை இறங்கும்போது அதே தாமதம் வேறு விதமாகக் கடிக்கும். பக்கத்துக் கடையில் புது ரேட் வந்திருக்கும், உங்கள் பில்லில் பழைய ரேட் இருக்கும். எலக்ட்ரீஷியன் ஒன்றும் சொல்ல மாட்டார், அடுத்த முறை அங்கே போய்விடுவார்.

இப்போது சொல்லப் போவதுதான் இருப்பதிலேயே பெரியது. இதை யாரும் கம்ப்யூட்டரோடு சேர்த்துப் பார்ப்பதே இல்லை. பாக்கி வசூல்.

உங்கள் புரோகிராமில் ஒரு பார்ட்டியின் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் சொல்லும். எந்தப் பில், எத்தனை நாளாக நிற்கிறது என்று கேட்டால் சொல்லுமா? 2009-ல் எழுதின பல புரோகிராம்கள் சொல்லாது. மொத்த லெட்ஜரையும் அச்சடித்து, வந்த பணத்தை எந்தப் பில்லுக்குக் கழிப்பது என்று பென்சிலால் டிக் அடித்துக் கண்டுபிடிக்க வேண்டும். சனிக்கிழமை லைன் வசூலுக்குப் போகிற பையனிடம் கொடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? பெயரும் மொத்தத் தொகையும் உள்ள ஒரு தாள். அவன் போய், "அண்ணா, 85,000 பாக்கி இருக்குது" என்பான். கடைக்காரர், "போன வாரம் எடுத்த சரக்கும் அதிலதானே சேர்ந்திருக்குது, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார். பையனிடம் பதில் இருக்காது. அதே தாளில், '62 நாள் ஆன பில் 31,400, 48 நாள் ஆனது 22,000' என்று பில் நம்பரோடு இருந்தால் பேச்சே வேறு. கேட்பவனுக்கும் குரல் வரும், கொடுப்பவருக்கும் தட்டிக் கழிக்க மனம் வராது.

கடன் விற்பனை வருடத்துக்கு 4 கோடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1 லட்சத்து 9,600 ரூபாய். வசூல் சராசரியாக 10 நாள் தள்ளிப் போனால் கிட்டத்தட்ட 11 லட்ச ரூபாய் எப்போதும் வெளியில் நிற்கும். அந்த 11 லட்சத்துக்கு வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுத்து, 11 சதவீத வட்டி கட்டினால் வருடத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். வட்டி என்ற தலைப்பில் அது வருடா வருடம் போய்க்கொண்டே இருக்கும். வசூல் தாமதம் எல்லாமே பழைய புரோகிராமால் வருவதாகச் சொல்ல மாட்டேன், ஊரில் பணப்புழக்கம் இல்லாவிட்டால் எந்த மென்பொருளும் பணத்தைக் கறந்து தராது. ஆனால் யாரிடம் எத்தனை நாளாக நிற்கிறது என்று தெரியாமல் வசூலுக்குப் போவதும், தெரிந்து போவதும் ஒன்றில்லை. அந்த வித்தியாசத்துக்கு நாலைந்து நாள் என்று குறைத்துப் போட்டாலும் 50, 60 ஆயிரம் வரும்.

மின்சாரச் செலவு மிச்சமாகும் என்று சொல்லிப் புதுக் கம்ப்யூட்டர் விற்க வருபவரை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பழைய பெட்டி 120 வாட் கூடுதலாக இழுத்தாலும், நாளுக்கு 12 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 432 யூனிட். நாலாயிரம் ரூபாய் வரும், அதற்காக யாரும் மாற்ற வேண்டாம். மோட்டார் இருக்கிற இடத்தில் கதை வேறு. 15 குதிரைத்திறன் மோட்டாரை நாலு தடவை காயில் கட்டி ஓட்டுகிற பட்டறைகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சரியாகக் கட்டாத காயில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் திறனைத் தின்னும். 86 சதவீதத் திறனில் ஓடுகிற மோட்டாருக்கும், 91.4 சதவீதத் திறனுள்ள ஐஇ3 என்ற மின்சிக்கன வகை மோட்டாருக்கும் முழு லோடில் மணிக்கு முக்கால் யூனிட் வித்தியாசம். நாளுக்கு 20 மணி நேரம், 300 நாள் ஓடினால் 4,500 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டாலும் 36,000 ரூபாய், அதுவும் ஒரே ஒரு மோட்டாருக்கு. காயில் கட்டியதற்கு எட்டாயிரம் ஆயிற்று, புது மோட்டார் வாங்காமல் தப்பித்தோம் என்று அங்கேயும் சொல்வார்கள்.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். அந்தக் கம்ப்யூட்டரின் மானிட்டர் ஓரத்தில் ஏதாவது தாள் ஒட்டியிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். நான் போகிற பழைய கடைகளில் பெரும்பாலும் இருக்கும். ஒரு கடையில் செல்லோ டேப் மஞ்சளாகிப் போன தாளில் பேனாவால் இப்படி எழுதியிருந்தது: 'எஃப்10 அமுக்கக் கூடாது. கரண்ட் போனால் முதலில் ரீ-இண்டெக்ஸ். ரிட்டர்ன் பில்லுக்கு மைனஸ் போடாமல் தனி நம்பர். காலையில் தேதி பார்க்கவும்.' கடைசி வரியை எழுதியது ஏன் என்று கேட்டேன். மதர்போர்டில் இருக்கிற சின்ன பேட்டரி செத்துப் போய், கரண்ட் போய் வந்தால் தேதி 2002-க்குப் போய்விடுகிறதாம். ஒரு நாள் அதைக் கவனிக்காமல் காலை முழுவதும் பில் போட்டுவிட்டார்கள். 17 பில் 2002 ஜனவரி தேதியில். அந்த மாத ரிட்டர்னை முடிக்க ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு நாள் உட்கார வேண்டியிருந்தது. அந்த பேட்டரியின் விலை 50 ரூபாய்க்குள். சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

அந்தத் தாளை எழுதியவர் 58 வயது அக்கவுண்டண்ட். அருமையான மனிதர். 14 வருடமாக ஒரு நாள்கூட முழு லீவு எடுத்ததில்லை என்று முதலாளி பெருமையாகச் சொன்னார். எனக்கு அது கவலையாக இருந்தது. அவரால் லீவு எடுக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பெட்டியோடு பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய மகள் கல்யாணத்தன்று மண்டபத்திலிருந்து இரண்டு முறை போனில் வழி சொன்னாராம். புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள், 'இதைக் கற்றுக்கொண்டு வேறு எங்கே போய் வேலை கேட்பது' என்று மூன்று மாதத்தில் போய்விட்டார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். ஆள் தங்காததற்கு அந்தப் பெட்டியும் ஒரு காரணம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

எழுதியவரே இல்லாமல் போவது இன்னொன்று. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு 9-ஆம் பதிப்போடு சரி, இனி வராது என்று மைக்ரோசாஃப்ட் 2007-லேயே சொல்லிவிட்டது. உங்கள் புரோகிராம் 2009-ல் எழுதப்பட்டது. எழுதியவர் தெரிந்த மொழியில் எழுதினார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிறக்கும்போதே ஆதரவுக்கு நாள் குறிக்கப்பட்ட புரோகிராம் அது. 2015 ஜனவரியில் அந்த ஆதரவும் முடிந்தது. இது சின்னக் கடைக்கு மட்டும் வருகிற சங்கடம் என்று நினைக்காதீர்கள். 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலை போன லட்சக்கணக்கானவர்கள் உதவித்தொகைக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பித்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் ஃபில் மர்ஃபி, கோபோல் (COBOL) என்ற பழைய கணினி மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று பொதுவில் கேட்க வேண்டி வந்தது. அவர்களுடைய கணினி அமைப்புகள் 40 வருடத்துக்கு மேல் பழையவை.

'இத்தனை வருஷம் நின்றதே இல்லையே' என்ற வாதத்துக்கும் அதில் பதில் இருக்கிறது. வழக்கமான நாளில் பழையது நிற்காது, வழக்கத்துக்கு மாறான நாளில்தான் நிற்கும். 2022 டிசம்பரில் அமெரிக்காவில் பனிப்புயல் அடித்தபோது மற்ற விமான நிறுவனங்கள் சில நாளில் எழுந்துவிட்டன. சவுத்வெஸ்ட் மட்டும் எழவில்லை. எந்த விமானி எங்கே இருக்கிறார் என்று அதன் பணியாளர் ஒதுக்கீட்டு மென்பொருளால் தொடர முடியாமல், போனில் ஒவ்வொருவராகக் கேட்டுக் கையால் ஒதுக்கினார்கள். சுமார் 16,900 விமானங்கள் ரத்து, 20 லட்சம் பயணிகள் தவித்தார்கள். அரசு விதித்த தண்டமே 14 கோடி டாலர். நம் ஊரில் அப்படி ஒரு நாள் 2025 செப்டம்பர் 22. ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின, சிமெண்டுக்கு 28 சதவீதம் 18 ஆனது. ஒரு ஹார்டுவேர் கடையில் வரி விகிதம் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது, மாற்ற வழியில்லை. எழுதியவர் ஊரில் இல்லை. நான் மூன்றாவது நாள்தான் போக முடிந்தது. அதுவரை சிமெண்டுக்கெல்லாம் கார்பன் தாள் வைத்துக் கைபில் போட்டார்கள். விலை குறைந்துவிட்டதென்று கூட்டம் வந்த நாட்களில் பில் போட முடியாமல் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள்.

வைரஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லோரும் அதைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். 2017 மே 12-ல் வானாக்ரை என்ற வைரஸ் பரவியபோது 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சுமார் 19,000 சந்திப்புகள் ரத்தாயின. செலவு 9.2 கோடி பவுண்டு என்று அந்த அரசே கணக்குப் போட்டது. அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச் 14-ல் கொடுத்திருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். எக்ஸ்பிக்கோ தாக்குதல் நடந்த பிறகுதான் அவசரமாக ஒன்று வந்தது. நீங்கள் கவனிக்க வேண்டியது, உங்கள் எக்ஸ்பி பெட்டி நெட்வொர்க் ஒயரில் மாட்டியிருக்கிறதா, அதில் நெட் வருகிறதா என்பதுதான். மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். இன்னொன்று, அக்கவுண்டண்ட் இ-இன்வாய்ஸ் தட்டுகிற லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருந்தால் அதற்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

இவ்வளவும் சொன்னதால் எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அடியில் மூன்று பிரதி தருகிறது, ரிப்பன் விலை குறைவு, தூசியிலும் ஓடுகிறது, எல்லா ஊரிலும் ரிப்பேர் பார்க்க ஆள் இருக்கிறார். இ-இன்வாய்ஸ் கியூஆர் கோடு படிகிற அளவுக்குத் தெளிவாக அச்சாகிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லையென்றால் அந்தப் பில்களுக்கு மட்டும் ஒரு சாதாரண லேசர் பிரிண்டர் போதும். வயதை வைத்து நான் எதையும் கழிப்பதில்லை. உதிரி கிடைக்கிறதா, இரண்டாவது ஆளுக்கு அதை ஓட்டத் தெரியுமா, உள்ளே இருக்கிற கணக்கை வெளியே எடுக்க முடியுமா, இன்றைய சட்டம் கேட்பதைத் தருகிறதா என்று கேட்பேன். பிரிண்டர் இதில் தேறிவிடும். உங்கள் கம்ப்யூட்டரும் புரோகிராமும் தேறாது. அந்தக் காலத்து மதர்போர்டு சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும், ஆனால் அதுவும் எவரோ கழற்றிய பழையதாகத்தான் இருக்கும்.

அப்பாவிடம் பேசுவதற்கு முன் 15 நாள் ஒரு நோட்டு போடுங்கள். பில்லுக்காக ஒருவர் காத்திருந்தார், ரேட் தப்பு, ஒரே பில்லை இரண்டு தடவை தட்டியது, பார்ட்டி போன் செய்து 'பில் வரவில்லை' என்றது. நடந்தவுடன் நேரத்தோடு ஒரு வரி. மேலே நான் போட்ட கணக்கெல்லாம் ஊகத்தில் போட்ட எண்கள், உங்கள் கடை எண்கள் வேறாக இருக்கும். வியாபாரத்திலேயே வளர்ந்தவர் உங்கள் அப்பா. 'டெக்னாலஜி மாறிப்போச்சுப்பா' என்று சொன்னால் கேட்க மாட்டார். 'போன மாசம் இந்த மூணு பார்ட்டிகிட்ட இவ்வளவு நின்னுச்சுப்பா, இந்த நாலு பில்லுல பழைய ரேட் போயிருக்குது' என்று நோட்டைக் காட்டினால் அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூட்டிப் பார்ப்பார்.

மாற்றுவது என்று முடிவானால் அவசரப்படக் கூடாது. இங்கிலாந்தில் டிஎஸ்பி (TSB) என்ற வங்கி 2018 ஏப்ரலில் பழைய அமைப்பிலிருந்து புதிதுக்கு ஒரே வார இறுதியில் தாவியது. 19 லட்சம் வரையிலான வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் போனது, பிற்பாடு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் தண்டம் கட்டினார்கள். உங்கள் தொழிலில் இந்த மாற்றத்தைத் தொடங்க நல்ல காலம் கார்த்திகை, மார்கழி. மழை, அப்புறம் மார்கழியில் யாரும் புதிதாக வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். கடை கொஞ்சம் மூச்சு விடும். அப்போது ஐட்டம் பட்டியலையும் பார்ட்டி பட்டியலையும் சுத்தம் செய்யுங்கள். ஒரே சுவிட்ச் மூன்று பெயரில் இருக்கும், செத்துப் போன பார்ட்டி இருக்கும், சரக்கின் வகையைக் காட்டும் ஹெச்எஸ்என் குறியீடு உங்கள் விற்பனைக்கு ஆறு இலக்கம் வேண்டும் என்பதால் அதையும் பார்க்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் இரண்டு வாரமாவது பழையதிலும் புதியதிலும் சேர்த்துப் பில் போட்டு, தினமும் சாயந்திரம் இரண்டின் கூட்டலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஏப்ரல் 1 காலையில், ஆரம்ப இருப்போடு, புதியதில் தொடங்குங்கள். பழைய பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி அந்த வருட ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

எந்த மென்பொருள் என்று நான் சொல்லப் போவதில்லை, உங்கள் ஆடிட்டருக்குப் பழக்கமானது, கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்க ஆள் உள்ளது எதுவோ அது. ஆனால் விற்க வருபவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: 'நாளைக்கு நான் வேறு மென்பொருளுக்குப் போவதாக இருந்தால் என் பார்ட்டி, ஐட்டம், பில் எல்லாவற்றையும் எக்செல்லில் எடுத்துக் காட்டுங்கள்.' அங்கேயே, உங்கள் கண் முன்னால் எடுத்துக் காட்ட வேண்டும். 'அதெல்லாம் வரும் சார்' என்று வாயால் சொன்னால் போதாது. அதோடு, நெட் இல்லாத நேரத்தில் பில் போட முடியுமா, வருடச் சந்தா கட்டாவிட்டால் பழைய கணக்கைப் பார்க்கவாவது விடுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கும்போது உங்கள் அக்கவுண்டண்ட்டைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பழைய பெட்டியின் குறைகள் எல்லாம் அவருக்குத்தான் மனப்பாடம். தன்னை அனுப்பத்தான் புதியது வருகிறது என்று அவர் நினைத்துவிட்டால் எந்த மென்பொருளும் உங்கள் கடையில் ஓடாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது, அப்பாவிடம் அனுமதிகூடக் கேட்க வேண்டாத வேலை ஒன்று. ஒரு பென் டிரைவில் புரோகிராம் இருக்கும் ஃபோல்டர் முழுவதையும் நகல் எடுங்கள். அதை உங்கள் லேப்டாப்பில் போட்டு, லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ஃபோல்டரில் டிபிஎஃப் (.dbf) என்று முடியும் கோப்புகள் நிறைய இருக்கும். பார்ட்டி என்றோ கஸ்டமர் என்றோ பெயர் உள்ளதை அதில் திறந்து பாருங்கள். நகலில் மட்டும் செய்யுங்கள், அசலைத் தொட வேண்டாம். பெயரும் ஊரும் பாக்கியும் வரிசையாக வந்தால், 2009 முதல் சேர்த்த கணக்கு பத்திரமாக வெளியே வரும் என்று பொருள். பெயர்களைத் தமிழில் போட்டிருந்து, அவை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. எழுத்துருவின் பெயர் தெரியவில்லையென்றால் அக்கவுண்டண்ட்டிடம் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும்.